கறிவேப்பிலையைப் புழு தின்னட்டும்

தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, "பட்டாம்பூச்சி வரணும்னா என்ன செடி வைக்கணும் அக்கா?" சென்னை மடிப்பாக்கத்தில் வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு மண் இருக்கிறது. அங்கே பறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி. ஏதாவது பூவின் பெயரைச் சொல்வேன் என்று நினைப்பார்கள். நான் முதலில் சொல்வது கறிவேப்பிலை. அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில் புழு வந்தால் நசுக்காமல் இருந்தாலே போதும்.

பூ வெறும் தேன் குடிக்கிற இடம். குஞ்சு வளர இலை வேண்டும், அதுவும் அந்தந்தப் பட்டாம்பூச்சிக்கென்று குறிப்பிட்ட செடியின் இலை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளர்கிற சின்னப் புழு, பழுப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் போலவே இலைமேல் கிடக்கும். காக்கை குருவி கண்ணில் படாமலிருக்க அந்த வேஷம். பெரிதானதும் பச்சையாகிவிடும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகக் கிளைத்த சிவந்த உறுப்பு ஒன்று வெளியே நீளும், கூடவே மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி. கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். ரசத்துக்குக் கிள்ள இலையில்லாமல் போகும்தான். ஆனால் கறிவேப்பிலை மறுபடி துளிர்த்துவிடும். அதற்காக மருந்தடிக்காதீர்கள். வேப்பெண்ணெய் இயற்கையானது என்று தைரியமாக அடிக்கிறார்கள், அதுவும் புழுவைக் கொல்லும்.

அடுத்தது எருக்கு. எதிர்வீட்டுப் பாட்டிக்கு இதில் ஒப்புதலே இல்லை.

"ஏம்மா, எருக்கு முளைச்சா வீடு பாழுன்னு சொல்லுவாங்க. நீ வேணும்னே வாசல்ல வெச்சிருக்கியே?"

"பிள்ளையார் சதுர்த்திக்கு அதே பூவைத்தானே பாட்டி காசு குடுத்து மாலையா வாங்குறோம்?"

இப்போது சதுர்த்திக்கு என் செடியில்தான் பறித்துக்கொள்கிறார். அந்த இலைகளில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழுக்கள் மேயும். கூட்டுப்புழு வெளிர்பச்சை, அதில் பொன் புள்ளிகள். அதிலிருந்துதான் வெந்தய வரியன் என்கிற அந்த ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி வருகிறது. எருக்கம்பால் மட்டும் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஒடிக்கும்போது கவனம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் கூடுதல் கவனம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆவாரை. விதை தர்மபுரியில் அம்மா ஊரிலிருந்து வந்தது. மேல்தோல் கடினம். கொதித்த நீரை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைத்து ஆடியில் போட்டால், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். அப்புறம் அக்னி நட்சத்திரத்துக்கும் அசையாது. அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில் சின்ன ஓட்டை உள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கும். பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் சட்டென்று கீச்சென்று உயரும். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அந்த அதிர்வில்தான் ஓட்டை வழியாக மகரந்தம் கொட்டுகிறது.

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே அமைப்புதான். தேன் எடுக்க வளர்க்கும் தேனீக்களுக்கு இப்படி அதிரவைக்கத் தெரியாது. பெட்டி வாங்கி மொட்டைமாடியில் வைத்தாலும் கத்தரிக்குப் பெரிதாகப் பயனில்லை. கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட காட்டுத் தேனீயும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இவை கூட்டமாக அடை கட்டுவதில்லை, ஒவ்வொரு தாயும் தனித்தனியாகக் குடியிருக்கும். கருவண்டுக்குப் பட்டுப்போன மரம் வேண்டும். ஒடிந்த முருங்கைக் கிளை ஒன்றைச் சுவரோரம் சாய்த்தே வைத்திருக்கிறேன். நீலப்பட்டைக்கு வெறும் மண் வேண்டும். வாசல் முழுக்க பேவர் பிளாக் பதித்துவிட்டால் அது எங்கே குழி தோண்டும்?

சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் மலரும். அதற்கு அந்துப்பூச்சிகள் வரவேண்டும். மொட்டைமாடியில் விடிய விடிய எல்இடி விளக்கு எரிந்தால் அவை விளக்கையே சுற்றிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு அணைத்துவிடுங்கள்.

நர்சரிகளில் எருக்கு, ஆவாரை மாதிரி செடிகளைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே இருப்பது பெட்டூனியா, காகிதப்பூ, அடுக்குச் செம்பருத்தி. அடுக்குப் பூவில் மகரந்தக் காம்புகளே இதழாக மாறிவிடுகின்றன. வருகிற பூச்சிக்கு மகரந்தம் மிச்சமிருக்காது. ஒற்றைச் செம்பருத்தி வாங்குங்கள். துளசியைப் பூக்க விடுங்கள், கொம்புத்தேனீ தேடி வரும். கிலுகிலுப்பை கிடைத்தால் விடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் கூட்டமாகப் பறந்துவரும் நீல வரிப் பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் அதன் காய்ந்த தண்டையும் காயையும் சுரண்டிச் சாறு உறிஞ்சும். பெண்ணை ஈர்க்கிற வாசனையை அதிலிருந்துதான் உண்டாக்கிக்கொள்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது, காசு கொடுத்துப் பதித்த புல்தரை அழுகிப் போயிருந்தது. அந்த இடத்தில் தானாகப் படர்ந்தது பொடுதலை. தண்ணீர் நின்றாலும் தாங்கும், வெயிலும் தாங்கும், துவையலுக்கும் ஆகும். விரல் நுனி அளவுள்ள பூக்கொத்துகளில் சின்னச் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்து எழுந்தபடியே இருக்கும். களை என்று இதைப் பிடுங்கச் சொல்கிறவர்களுக்கு நான் காது கொடுப்பதில்லை.

இவற்றில் பல எங்கள் தெருக்கோடி காலி மனையில் தானாக வளர்ந்தவை. வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை என்று காலி மனைகளெல்லாம் வீடாகிக்கொண்டிருக்கின்றன. கட்டக் கூடாது என்று யாரைச் சொல்ல முடியும்? எங்கள் தெரு மனையிலும் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. மேஸ்திரியிடம் பேசி வைத்திருக்கிறேன், பொக்லைன் வருவதற்கு முன்னால் ஆடுதின்னாப்பாளையை வேரோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு உடம்புள்ள அந்தக் கறுப்புப் பட்டாம்பூச்சி முட்டையிடுவது அந்தக் கொடியில்தான். அதன் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. நாட்டு மருந்து என்று நீங்களும் கஷாயம் வைத்துவிடாதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இரண்டு சிமெண்ட் தொட்டியில் செம்மண் கலந்து வைத்தாயிற்று. பிழைத்தால் ஒரு தொட்டி எதிர்வீட்டுப் பாட்டிக்கு, அவரே கேட்டிருக்கிறார்.