சுருங்குவதற்காக ஒரு பை

ஜனவரி 4, ஞாயிறு

போன வருடம் தெரியாத்தனமாக ஒரு கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது பொம்மைக்குத்தான் ஆகும் போலிருந்தது. மனசு ஆறின பிறகு அதைத் தொட்டுப் பார்த்தால், துணி அவ்வளவு கெட்டி. கத்தரியால் வெட்டிப் பார்த்தேன், ஒரு இழை பிரியவில்லை. அதையே வேண்டுமென்று செய்தால் ஒரு நல்ல பை கிடைக்குமே என்று அன்றிலிருந்து ஒரு நினைப்பு.

இன்று நூலை எடுத்து வைத்தேன். சாம்பல் நிறக் கம்பளி, 100 கிராம் கண்டு நாலு. லேபிளில் சுத்தக் கம்பளி, கையால் குளிர்ந்த நீரில் துவைக்கவும் என்று இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். அக்ரிலிக் நூலைக் கொதிக்கவைத்தாலும் அது ஃபெல்ட் ஆகாது, அதாவது இப்படிச் சுருங்கிக் கெட்டித் துணியாகாது. பழைய கூடையில் வெள்ளைக் கண்டு ஒன்றும் கிடந்தது, லேபிள் எப்போதோ போய்விட்டது. நடுவில் ஒரு பட்டை போடலாம்.

ஜனவரி 6, செவ்வாய்

மாதிரித் துண்டு பின்னினேன். எனக்குப் பிடிக்காத வேலை, ஆனாலும் இதில் தப்பிக்க முடியாது. நூலை இரட்டையாக எடுத்து 8 மி.மீ. ஊசியில் 24 கண்ணி, 34 வரிசை. இவ்வளவு பெரிய ஊசி எதற்கென்றால், கண்ணிகளுக்கு நடுவே இடம் இருந்தால்தான் இழைகள் நகர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நெருக்கமாகப் பின்னினால் நகர இடமிருக்காது.

துவைப்பதற்கு முன் 22 செ.மீ. அகலம், 23 செ.மீ. உயரம். வெந்நீரில் சோப்புப் போட்டுக் கை ஓயத் தேய்த்த பிறகு அகலம் 18, உயரம் 15. உயரம்தான் கூடுதலாக இழுக்கிறது. இதைக் கவனிக்காமல் சதுரமாகப் பின்னியிருந்தால் பைக்குப் பதில் தட்டு வந்திருக்கும்.

கணக்குப் போட்டேன். 30 அகலம், 25 உயரம் வேண்டுமென்றால், பின்னும்போது சுமார் 37 அகலமும் 38 உயரமும் இருக்க வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

அடிப்பாகம் முடிந்தது. 40 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் நிட், அதாவது நேர்ப்பின்னல். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு, வரப்பு மாதிரி; 30 வரிசையில் 15 வரப்பு. பிறகு அதன் நாலு ஓரத்திலும் கண்ணி எடுத்தேன். நீள ஓரங்களில் 40, 40. குட்டை ஓரங்களில் வரப்புக்கு ஒன்றாக 15, 15. ஆக 110. இனி வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றி நிட் மட்டும்தான், பர்ல் (எதிர்ப்பின்னல்) என்ற பேச்சே இல்லை. வரிசை எங்கே தொடங்குகிறது என்று தெரிய ஒரு சிவப்பு நூல் வளையம் மாட்டியிருக்கிறேன்.

சாம்பல் கண்டு தீர்ந்ததும் முடிச்சுப் போடவில்லை. இரண்டு முனைகளையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எச்சில் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே சூடேறத் தேய்த்தால் போதும், ஒரே நூலாகிவிடும். பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான்.

ஜனவரி 18, ஞாயிறு

35 வரிசை சாம்பல், 8 வரிசை வெள்ளை, மேலே மறுபடியும் 15 வரிசை சாம்பல். பின்னல் முடிந்தது.

வெள்ளைக் கண்டு நடுவில் அறுந்திருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், ஒட்டவில்லை. மறுபடி தேய்த்தேன். மூன்றாவது தடவை கை எரிந்ததே தவிர நூல் அப்படியே வழுக்கிக்கொண்டு பிரிந்தது. கை உலர்ந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுவிட்டேன்.

அம்மா தூக்கிப் பார்த்து, "என்னடி இது, யானைக்குட்டிக்குத் தொப்பியா?" என்றாள். ஃபெல்ட் ஆவதற்கு முன்னால் இது அப்படித்தான் இருக்கும் என்றேன். கண்ணிகள் வாயைத் திறந்துகொண்டு, தொளதொளவென்று, பார்க்கச் சகிக்கவில்லை என்பதும் உண்மைதான்.

ஜனவரி 20, செவ்வாய்

கைப்பிடிக்கு இரண்டு ஐ-கார்டு, அதாவது ஊசியில் பின்னும் கயிறு. நாலு கண்ணியைப் பின்னி, ஊசியைத் திருப்பாமல் மறுமுனைக்குத் தள்ளி, மறுபடி பின்ன வேண்டும். நூல் பின்பக்கமாக இழுபட்டு, தானாகவே குழாய் மாதிரி சுருண்டுகொள்ளும். ஐ என்பது ‘இடியட்’. முட்டாளுக்கும் வரும் கயிறு என்று பின்னல் ஆசிரியை எலிசபெத் சிம்மர்மன் வைத்த பெயர். ஆளுக்கு 75 செ.மீ. இரண்டாவது கயிறு முடிவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

ஜனவரி 24, சனி

பையைத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டினேன். உதிரும் பஞ்சு மெஷினை அடைத்துவிடும். உராய்வுக்குக் கூடவே ஒரு பழைய ஜீன்ஸ். தண்ணீர் 60 டிகிரி, சோப்பு கொஞ்சம்.

8 நிமிடத்தில் எடுத்துப் பார்த்தேன். சுருங்கவில்லை, முன்னைவிடப் பெரிதாகிவிட்டது! ஈரத்தில் கம்பளி முதலில் நெகிழும் என்று தெரியும். தெரிந்தும் வயிற்றைக் கலக்கியது. 15 நிமிடத்தில் உள்பக்கம் முன்னும் பின்னும் லேசாக ஒட்டத் தொடங்கியிருந்தது. கையை விட்டுப் பிரித்துவிட்டேன். விட்டிருந்தால் பையின் வாய் நிரந்தரமாக மூடியிருக்கும்.

கம்பளி இழை முழுக்க மீன் மாதிரி செதில். சூடும் சோப்பும் சேர்ந்தால் செதில் விரியும், இழை வழுக்கி நகரும். உராய உராய ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். அப்புறம் பின்வாங்க வழியில்லை. பின்னிய துணியை இப்படிச் சுருக்குவதற்கு ஆங்கிலத்தில் ஃபுல்லிங் என்று தனிப் பெயரே உண்டு. பழைய ரோமில் கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீர் ஊற்றிக் காலால் மிதித்தார்களாம். மெஷின் பக்கத்தில் நின்றபோது அவர்களை நினைத்துக்கொண்டேன்.

22 நிமிடத்தில் சாம்பலில் கண்ணிகள் மங்கின. 30 நிமிடத்தில் காணவே இல்லை. வெள்ளையில் மட்டும் ஒவ்வொரு கண்ணியும் பளிச்சென்று, பின்னிய அன்றைக்கு இருந்த மாதிரியே. மேலும் கீழும் சாம்பல் இறுகிவிட, நடுவில் வெள்ளை மட்டும் பாவாடைக் கொசுவம் போல உப்பிக்கொண்டு நின்றது.

சூப்பர்வாஷ் நூல். மெஷினில் துவைக்க வசதியாக, செதிலைக் குளோரினால் அரித்து, மேலே மெல்லிய பூச்சுப் பூசி விற்கிறார்கள். எச்சில் ஒட்டாமல் போனபோதே அது சொல்லிவிட்டது. நான்தான் கையைக் குற்றம் சொன்னேன். மாதிரித் துண்டிலும் வெள்ளையைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும், பத்து நிமிடம்?

ஜனவரி 25, ஞாயிறு

ராத்திரி முழுக்க யோசித்தேன். கத்தரி எடுத்தேன்.

வெள்ளையின் முதல் வரிசையை ஒட்டி ஒரு சுற்று, கடைசி வரிசையை ஒட்டி இன்னொரு சுற்று. இரண்டு வாரம் பின்னியதில் கத்தரி வைக்கும்போது கை நடுங்கத்தான் செய்தது. சாம்பல் ஓரம் அசையவில்லை. தடித்த அட்டையை வெட்டியது மாதிரி சுத்தமான விளிம்பு.

மேல்பாகத்தைக் கீழ்ப்பாகத்தின் மேல் ஒரு செ.மீ. ஏற்றி, அதே சாம்பல் நூலால் பின்தையல் போட்டேன். பிறகு வாளியில் வெந்நீர் வைத்து, தையலை மட்டும் இருபது நிமிடம் கையால் தேய்த்தேன். தையல் அடங்கியது, மறையவில்லை. சுற்றிலும் ஒரு வரி தடிப்பாகத் தெரிகிறது. தெரியட்டும்.

டிரையரில் பிழியவில்லை. அதில் விழும் மடிப்பு காய்ந்த பிறகு போகவே போகாது. துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, உள்ளே சரியான அளவில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிளாஸ்டிக் உறை சுற்றி நுழைத்து, மூலைகளை இழுத்துவிட்டேன். வீடு முழுக்க நனைந்த நாயின் வாடை.

ஜனவரி 28, புதன்

காய மூன்று நாள் பிடித்தது. 30 அகலம், 21 உயரம். நினைத்ததைவிட நாலு செ.மீ. குட்டை, ஊசிகளை நிறுத்தி வைத்தால் தலை வெளியே தெரியும். ஆனால் தரையில் வைத்தால் தானாக நிற்கிறது. கைப்பிடிகள் 52 செ.மீ. ஆகிவிட்டன, தோளில் மாட்ட எட்டுகிறது.

வெட்டிய வெள்ளை வளையத்தைப் பிரித்தேன். ஓரத்து இரண்டு வரிசையும் துண்டு துண்டாகப் போயின. நடு ஆறு வரிசையும் சுருள் சுருளாக, ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தன. மீதிக் கண்டோடு சேர்த்துச் சுற்றி, ஒரு சீட்டு எழுதிக் கட்டினேன்: "சுருங்காது."