மருமகனுக்கு என் குடி, மகனுக்கு இல்லை

எடின்பரோவில் இருக்கும் தங்கச்சியின் மகன் போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டான், "மாமா, நாங்க என்ன கிளான்?" அவனோடு படிக்கிற பொடியன் ஒருவன் மக்கிரெகர் குலமாம், தங்கட குலத்துக் கட்டம் போட்ட துணியை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறான். எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை மனே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எங்களுக்குக் குடி இருக்கிறதே, மட்டக்களப்பில் தாய்வழியாக வரும் குலம்.

ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் 'கிளான்' என்றால் பிள்ளைகள் என்றுதான் பொருள், 'மக்' என்றால் மகன். ஆனால் ஒரு பெயரைச் சுமந்த எல்லோரும் ஒரே இரத்தம் இல்லை. தலைவனின் நிலத்தில் இருந்தவர்களும் காவல் தேடி வந்தவர்களும்கூட அவன் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மக்கிரெகர் கதை இன்னும் கடுமையானது. 1603 இல் அரசன் அந்தப் பெயரையே தடைசெய்தான், வைத்திருந்தால் மரண தண்டனை. இடையில் தளர்த்தி, 1693 இல் மறுபடியும் தடை போட்டு, 1774 இல்தான் முழுசாக நீக்கினார்கள். அவ்வளவு காலமும் வேறு பெயர்களில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் திரும்பவும் மக்கிரெகர் ஆனதை நினைக்க எனக்கு மெய் சிலிர்க்கிறது.

எங்கட குடி எந்தப் பத்திரத்திலும் இல்லை. அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் இருக்கும், குடியோ அம்மாவின் வயிற்றால் வருவது. உலகிப்போடி குடி, காலிங்க குடி, படையாண்ட குடி என்று பல. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடிதான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு பிரதிநிதி இருப்பார், அவரை மரைக்காயர் என்பார்கள். எங்கள் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு, பூசை முடிந்ததும் குடியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காளாஞ்சி என்ற மரியாதைத் தட்டைக் கொடுப்பார்கள். அந்த மரியாதைக்குள் சேர்க்கப்படாமல் வெளியே நின்ற சனங்களும் உண்டு, அதை மறைத்துவிட்டுக் குடிப்பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை.

2007 இல் போருக்குப் பயந்து, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையை விட்டு ஓடிவந்து முகாமில் இருந்தபோது, தண்ணீர் வரிசையில் முன்பின் தெரியாத ஒரு கிழவி அம்மாவைப் பார்த்து "என்ன குடி மனே?" என்று கேட்டார். அம்மா "படையாண்ட குடி" என்றார். கிழவி தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், அன்றிரவு அவருடைய கூடாரத்தில்தான் எங்களுக்குச் சோறு.

இதையெல்லாம் குரல் பதிவில் மருமகனுக்குச் சொன்னேன். நீயும் நானும் ஒரே குடி, அந்தக் காலத்தில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவிகூட மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் போகும், வைகாசியில் வா, நம்மட குடித் திருவிழாவுக்குச் சேர்ந்தே போவோம் என்றேன்.

பக்கத்தில் படுத்திருந்த என் மகன் எழும்பி உட்கார்ந்தான். "அப்ப நான் உங்கட குடி இல்லையா அப்பா?"

"நீ அம்மாட குடி."

அவன் அதைக் கேட்க அடுப்படிக்கு ஓடினான்.