கண்ணில்லாத வேட்டைக்காரன்

கோத்தகிரிப் பக்கம் பசுமைக்குடிலில் கார்னேஷன் பூ போடுகிறவர்களுக்குச் சிலந்திப்பேன் பெரிய தலைவலி, இலைக்கு அடியில் நூல் கட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். இதைத் தின்றே வாழும் இன்னொரு பேன் இருக்கிறது, பெயர் பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ், அரை மில்லிமீட்டர்தான், கண்ணே கிடையாது. அப்புறம் எப்படி இரையைக் கண்டுபிடிக்கிறது?

செடியே காட்டிக்கொடுக்கிறது! சும்மா கிழிந்த இலையின் வாசனை வேறு, சிலந்திப்பேன் கடித்த இலை காற்றில் விடும் வாசனைக் கலவை வேறு. அதை முன்னங்கால்களால் மோப்பம் பிடித்து நடந்தே வந்து சேர்கிறது. 1980களில் நெதர்லாந்தின் சாபெலிஸ், டிக்கே போன்ற ஆராய்ச்சியாளர்கள் ஒய் வடிவக் குழாயின் இரு கிளைகளில் இரு வாசனைகளை விட்டு, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார்கள். லைமா பீன்ஸ் செடியில் சிலந்திப்பேன் கடித்த இலைப் பக்கமே அதிகம் போனது.

அந்தக் கலவையில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். நமக்குப் புதிதில்லை, ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கு வாங்கும் விண்டர்கிரீன் தைலத்தில் பெரும்பகுதி அதுதான் (எனக்கு அந்த நெடி ஆகாது, அது வேறு விஷயம்).

சரி, வேட்டைப் பேனை வாங்கி விடப்போகிறவர்கள் அதற்கு முன் என்ன மருந்து அடித்தோம் என்று பாருங்கள், பல மருந்துகள் இதையும் சேர்த்தே கொன்றுவிடும்.