இரண்டு ஹெல்மெட்

மார்ச் 3
கிளம்பிவிட்டேன். 140 கி.மீ. வலது பக்கப் பை கனம், வண்டி அந்தப் பக்கமே சாய்கிறது. நாளை மாற்றிக் கட்ட வேண்டும். அவள் பேசவில்லை.

மார்ச் 4
"இன்னொருத்தர் எங்கேக்கா?"

பங்க்கில் பெட்ரோல் போட்ட பையன் கேட்டான். பின் சீட்டில் வலை போட்டுக் கட்டியிருக்கும் ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறான். "பின்னால வர்றாங்க" என்று வாயில் வந்துவிட்டது. அவன் உடனே நான் வந்த வழியைப் பார்த்தான். நான் மூடியைப் பூட்டி, கையுறை மாட்டி, வண்டியைக் கிளப்புகிறவரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் அறுபது கிலோமீட்டர் வேறு நினைப்பே இல்லை. நான் போன பிறகும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பானோ?

மார்ச் 5
செயினில் சத்தம். வேகமாகப் போனால் காற்று மூடிவிடுகிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போதுதான் கேட்கிறது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு தடவை வந்தால் சக்கரத்தில் கோளாறு. இது மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தடவை வருகிறது. செயின் ஒரு முழுச் சுற்று வர அவ்வளவு ஆகும். ஆக, செயின்தான்.

ஒரு வீட்டு வாசல் மரத்தடியில் நிறுத்திக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பழைய சாக்கு ஒன்றை எடுத்து வந்து என் முட்டிக்குக் கீழே போட்டார். "நான் தள்றேன், நீ பாரும்மா" என்றார். பத்தடி முன்னால், பத்தடி பின்னால். நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி, மறுபடி தள்ளி, எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஓர் இடத்தில் செயின் 30 மி.மீ. ஆடுகிறது. இன்னோர் இடத்தில் 10கூட ஆடவில்லை. ஒரே சீராகத் தேயாத செயின். இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், தளர்ந்த இடத்தை வைத்து முறுக்கினால் இறுக்கமான இடம் வரும்போது பேரிங்கை இழுத்துவிடும். சரிசெய்தேன். சத்தம் குறைந்தது, போகவில்லை.

கிளம்பும்போது அவரும் ஹெல்மெட்டைப் பார்த்தார். "தங்கச்சியோடது. வீட்ல இருக்கா" என்றேன். இது உண்மை.

"அவ வந்தாலும் இங்க நிழல் இருக்குன்னு சொல்லு."

மார்ச் 6
மழை. முதல் அரை மணி நேரம் ரோட்டில் ஏறக்கூடாது, எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும் என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அரை மணி நேரம் என்று ஒதுங்கியவள் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 7
ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. வான் பியூரன் சகோதரிகள். அகஸ்டா, அட்லைன். 1916 ஜூலை 4 அன்று நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஆளுக்கொரு இந்தியன் கம்பெனி மோட்டார் சைக்கிளில் கிளம்பி, அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தவர்கள். போர் வந்தால் பெண்களாலும் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோக முடியும் என்று காட்டத்தான் போனார்கள். அப்புறம் விண்ணப்பித்தபோது ராணுவம் சேர்த்துக்கொள்ளவில்லை. வழியில் சின்ன ஊர்களில் ஆண்கள் உடை போட்டிருக்கிறார்கள் என்று போலீஸ் பிடித்து வைத்ததைச் சொல்லும்போதெல்லாம் இவளுக்கு அப்படி ஒரு கோபம் வரும், என்னவோ நேற்று நடந்த மாதிரி.

எனக்குப் பிடித்தது வேறு இடம். சால்ட் லேக் சிட்டிக்கு மேற்கே பாலைவனத்தில் வழி தவறி, குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோய் நின்றிருக்கிறார்கள். கனிமம் தேடி அலைகிற ஓர் ஆள் குதிரை வண்டியில் வந்து தண்ணீர் கொடுத்திருக்கிறார். அவர் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. அக்கா தங்கை இருவர் பெயரும், வண்டியின் பெயரும், கிளம்பிய தேதியும் தெரிகிறது. தண்ணீர் கொடுத்தவர் பெயர் தெரியவில்லை.

நானும் கேட்கவில்லையே. அவர் பக்கத்தில்தான் இருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 8
நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9
செயினைக் காட்ட ஒரு மெக்கானிக்கிடம் போனேன். சின்னப் பையன், இருபது வயதுகூட இருக்காது. வண்டியை விட்டுவிட்டு ஹெல்மெட்டைத்தான் முதலில் எடுத்தான். உள்ளே கைவிட்டு, துணியை விலக்கி, கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனான். காதுக்கு மேலே ஓர் இடத்தில் விரல் நின்றது.

"அக்கா, இது அடிபட்டது. இனிமே போடக்கூடாது. உள்ள இருக்கிற தெர்மோகோல் ஒரு தடவைதான் நசுங்கும். நசுங்கினா திரும்பி எழும்பாது. வெளிய பாத்தா கீறல் மட்டும்தான் தெரியும்."

தெரியும் என்றேன்.

"அப்ப எதுக்குத் தூக்கிட்டுத் திரியிறீங்க? தூக்கிப் போட்டுடுங்க."

என்ன சொன்னேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு செயினைப் பார்த்தான், இரண்டு கண்ணிகள் இறுகிப்போயிருந்ததைக் காட்டினான், எண்ணெய் விட்டு அசைத்து அசைத்து இளக்கினான். கடைசியில் ஹெல்மெட்டை மறுபடி பின் சீட்டில் வைத்து, என் வலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பழைய டியூபை நீளமாக வெட்டிக் கட்டினான். நான் கட்டியதைவிட நன்றாக நிற்கிறது. அதற்குக் காசு வாங்கவில்லை.

அந்த நசுங்கிய இடம்தான் அவள் தலையைக் காப்பாற்றியது. அதை எப்படித் தூக்கிப் போடுவது?

மார்ச் 10
பை நனைந்ததில் சட்டையும் ஈரமாகியிருக்கிறது. நான்கு நாளாகப் பிரித்துப் பார்க்காமலே இருந்துவிட்டேன். லேசாக வாடை. இன்றைக்குத் தங்கிய வீட்டு அம்மாவிடம் துவைத்துக் காயப்போடலாமா என்று கேட்டேன். அவரே வாங்கி அலசினார். பச்சைக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. மேலேயிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை, அவசரத்தில் கழற்றியபோது அறுந்தது. விலாப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. நான் ஏழெட்டுத் தடவை துவைத்துவிட்டேன்.

"ரத்தக் கறை, கண்ணு. பச்சைத் தண்ணில உடனே அலசியிருந்தாப் போயிருக்கும். சூடு பட்டா ஏறிக்கும்" என்றார். முதல் தடவை வெந்நீரில்தான் துவைத்தேன். எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னது. தண்ணீர் கொடு என்றது. தூக்கி உட்கார வை என்றது. அவர் ஒருவர்தான் "கழுத்தை ஆட்டாதீங்க, மூச்சு நல்லா வருது, யாரும் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே, சட்டையைக் கழற்றி மடித்து அவள் தொடையில் அழுத்தினார். கை எடுக்கவே இல்லை. கை மரத்துப்போயிருக்கும். என்னைக் கூப்பிட்டு அவள் தலைமாட்டில் உட்காரவைத்து, இரண்டு கையாலும் ஹெல்மெட்டை அசையாமல் பிடிக்கச் சொன்னார். "அவகூடப் பேசிக்கிட்டே இரு" என்றார். நான் என்ன பேசினேன் என்று அவளுக்கு ஞாபகம் இருக்குமா?

அந்த அம்மா தன் பெட்டியைத் துழாவி ஒரு பொத்தான் எடுத்தார். அதே நிறம் இல்லை. தைத்துக் கொடுத்தார்.

மார்ச் 11
வந்துவிட்டேன். திருப்பத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன்.

அன்றைக்கு 60ல் வந்தேன். 30ல் வந்திருந்தால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் பாதி இல்லை, கால்வாசி. இந்தக் கணக்கை எத்தனை ராத்திரி போட்டிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. திருப்பத்தில் பார்வை எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். ரோட்டில் கொட்டிக் கிடந்த சரளையைப் பார்த்தேன். திருப்பம் முடிந்து ரோடு போகிற பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். சரளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அங்கே சரளை இல்லை. தார் சுத்தமாக இருந்தது, கோடு கோடாக விளக்குமாறு இழுத்த தடம். ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சரளையைக் கூட்டிக் குவித்திருந்தார்கள்.

ரோட்டோர வீட்டில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பச்சைச் சட்டையைக் காட்டினேன். கையில் வாங்கி விரித்துப் பார்த்தார். பொத்தானைத் தொட்டார்.

"அவருதுதான். ரெண்டு பொண்ணுங்க விழுந்ததிலிருந்து அவர்தான் கூட்டுறார். லாரி போனா மறுபடி கொட்டும். மறுபடி கூட்டுவார். விடியக்காலைல வருவார், இரு." அப்புறம் என்னைப் பார்த்தார். "நீதானா? சின்னவ எப்படி இருக்கா?"

நடக்கிறாள் என்றேன். கைத்தடி வைத்து.

இங்கேதான் படுத்திருக்கிறேன். குவியலைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை, படம் மட்டும். பார்த்துவிட்டாள்.

இரவு 11.40. பதில் வந்திருக்கிறது. "செயினுக்கு எண்ணெய் போட்டியா?"

மார்ச் 12
ஐந்தரை. இன்னும் இருட்டு. வெளியே யாரோ கூட்டுகிற சத்தம் கேட்கிறது.