அப்பாவின் சப்பரக் கணக்கு

ஜூன் 12, 2025

மேட்டூர் திறந்தாச்சு. அப்பா இருந்திருந்தால் இன்றைக்கே மூங்கில் வெட்டி நிழலில் போட்டிருப்பார். பச்சையாக வளைத்தால் காயக் காய வளைவு விரிந்துவிடும். ஆடிப்பெருக்குக்குப் பேரப்பிள்ளைகள் நாலு பேருக்கும் ஆளுக்கொரு சப்பரம், கயிறு கட்டி இழுக்கிற குட்டித் தேர். கடைச் சப்பரம் இந்த வீட்டு வாசலில் நின்றதே இல்லை.

ஜூலை 6

பலகை ஒரு அடி நீளம், 8 அங்குல அகலம். சக்கரம் பூவரசு, குறுக்கே 3 அங்குலம், கனம் முக்கால். அச்சுக்குக் கால் அங்குலக் கம்பி, துளை 7 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் சக்கரம் கோணிக்கொண்டு ஓடும். இறுக்கமாகப் போட்டால் ஈரத்தில் மரம் உப்பி அச்சைக் கவ்வும். இரண்டு பக்கமும் வாஷர், ஒரு சொட்டு விளக்கெண்ணெய். மூலைகளை உப்புத்தாள் போட்டு மழுக்காமல் பிள்ளைகள் கையில் தரமாட்டார்.

ஜூலை 13

அம்மாவுக்கு மூட்டுவலி வந்து தரையில் உட்கார முடியாமல் போனதும், அப்பா அருவாமனையை மேசைக்கு ஏற்றினார். வழுக்காமலிருக்க அடியில் சைக்கிள் டியூப். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்தணும். ஈரத்தோடு ஒட்டினால் ஒரே வாரத்தில் பெயரும்.

ஜூலை 20

கொலுப் பெட்டியில் அவர் செய்த தலையாட்டி பொம்மை. தட்டினால் இன்னும் நிமிர்கிறது. அடிப்பாகம் கிண்ணம் மாதிரி, உள்ளே களிமண். கனம் நட்டநடுவில் உட்காரணும். ஒரு விரல் தள்ளினாலும் பொம்மை சாய்ந்தே நிற்கும். மேலே வெறும் செய்தித்தாள், ஆறேழு அடுக்கு. இரண்டு அடுக்குக்கு ஒருமுறை காயவிடணும். இல்லையென்றால் உள்ளுக்குள் பூஞ்சணம். வெயிலில் வைத்தால் களிமண் வெடிக்கும். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் சிட்டிகை மயில்துத்தம் போடுவார். வீட்டில் கைக்குழந்தை இருந்த வருஷம் மட்டும் போடவில்லை. அது விஷம், பொம்மை வாய்க்குத்தான் போகும். அந்த வருஷத்துப் பொம்மை ஒன்றைத்தான் பூச்சி அரித்திருக்கிறது.

ஆகஸ்ட் 2

சப்பரத்துக்கு மூங்கில் சிம்பு வளைத்தாச்சு. பச்சைத் தோல் வெளிவளைவில் இருக்கணும், உள்சதையைத்தான் சீவணும். மாற்றிச் சீவினால் படக்கென்று முறியும். அனலில் காட்டி வளைத்து, ஆறும்வரை கையை எடுக்கக்கூடாது. கலர் காகிதத்தை ராத்திரியே ஒட்டணும்.

கயிறு அந்தந்தப் பிள்ளையின் உயரம். குட்டையானால் முன்சக்கரம் தூக்கும். அப்பாவின் பெட்டி மூடிக்குள் பென்சிலால் நாலு கோடு, போன வருஷ அளவு. சின்னவளுக்கு மூன்று விரற்கடை கூட்டி வெட்டியிருக்கிறேன். காலையில் திருவையாறு, புஷ்ய மண்டபப் படித்துறை.