22ஆம் மாடிக் கதவு

டோக்கியோவில் எனக்கு அது மூன்றாவது வருடம். ஷின்ஜுகுவில் உயரமான கட்டடம் ஒன்றின் 22ஆம் மாடியில் அலுவலகம், மென்பொருள் வேலை. ஜப்பானில் பல பெரிய நிறுவனங்களுக்கு நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். அதற்குள் வாடிக்கையாளருக்குப் புதிய பதிப்பு போய்ச் சேர்ந்தாக வேண்டும். மார்ச் மாதம் முழுக்க யாரும் கணினியிலிருந்து தலை நிமிர்த்த மாட்டோம்.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 2:46க்கு முதலில் ஜன்னல் திரைதான் ஆடியது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் முன்பு, 9ஆம் தேதி முற்பகலிலும் லேசாக ஆடியிருந்தது. நின்றதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தோம்.

இந்த முறை நிற்கவில்லை. ஆட்டம் கூடிக்கொண்டே போனது. சக்கரம் வைத்த ஜெராக்ஸ் மெஷின் தானாக உருண்டு போய்ச் சுவரில் மோதி, மறுபடி எங்களை நோக்கி வந்தது. சுவருக்குள்ளிருந்து மரக்கிளை முறிவதுபோல ஒரு சத்தம் விடாமல் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே எதிர்க் கட்டடம் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதைப் பார்த்தேன். பார்த்ததும் கால் துவண்டுவிட்டது. மேசைக்கடியில் போய் அதன் காலைக் கட்டிக்கொண்டேன்.

அங்கிருந்து பார்த்தால் எங்கள் குழுத் தலைவரின் கால்கள் மட்டும் தெரிந்தன. தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தார். நேராக அவசரப் படிக்கட்டுக்குப் போகும் கனத்த இரும்புக் கதவிடம் போனார். அதை முழுசாகத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியைக் குறுக்கே தள்ளி வைத்தார். அப்புறம்தான் திரும்பி வந்து தன் மேசைக்கடியில் குனிந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று ஆட்டம் அடங்கிய பிறகு கேட்டேன். நிலை கோணிவிட்டால் பத்துப் பேர் இழுத்தாலும் கதவு திறக்காது என்றார். ஒவ்வொரு செப்டம்பரும் நடக்கும் பேரிடர்ப் பயிற்சியில் இதைத்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். மொழி முழுசாகப் புரியாததால் நான் அப்போதெல்லாம் பின் வரிசையில் நின்று மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டடம் பத்து நிமிடத்துக்கு மேல் ஆடியது. ஆடுவதற்காகவே கட்டியது, ஆடினால்தான் உடையாது என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அவர் உதடும் வெளிறித்தான் இருந்தது. நிலநடுக்கத்தின் மையம் எங்களிடமிருந்து சுமார் 370 கிலோமீட்டர் தள்ளி, வடகிழக்குக் கடலுக்கடியில். அதன் அளவு 9.0 என்று பிறகு சொன்னார்கள். அவ்வளவு தூரத்தில் நடந்தது எங்களை இப்படி உலுக்குகிறதென்றால் அங்கே என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. என் மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் நிஷிகசாயில், வீட்டில் தனியாக இருந்தார்கள். போன் போகவில்லை. முப்பது தடவை போட்டிருப்பேன்.

லிஃப்ட் நின்றுவிட்டதால் 22 மாடியும் இறங்கினேன். ரயில்கள் ஓடவில்லை. நிஷிகசாய் நகரத்தின் கிழக்குக் கோடி, நடந்தால் நாலரை, ஐந்து மணி நேரம். யாசுகுனி சாலை முழுக்க என்னைப் போலவே வீட்டுக்கு நடக்கும் கூட்டம். யாரும் யாரையும் இடிக்கவில்லை, சிக்னல் சிவப்பில் இருந்தால் நின்றார்கள். பொதுத் தொலைபேசிகளை இலவசமாக்கியிருந்தார்கள். வரிசையில் நின்று முயன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஐந்து மணி நேரம் மனதில் ஓடியதை இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அராகவா ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது மறுபடி அதிர்வு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் வந்த முதியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல், நான் கையை எடுக்கும்வரை நின்றுவிட்டுப் பிறகு நடந்தார்.

வீட்டுக்கு எதிரே பூங்காவில், போர்வைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடம் வெடித்தது. 14ஆம் தேதி இன்னொன்று. ஊரிலிருந்து அம்மா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் செய்தாள். “குழந்தைய வச்சுக்கிட்டு அங்க என்னப்பா பண்ற, கிளம்பி வா.” உலை டோக்கியோவிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர் என்று நான் சொல்வது அவள் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே அது ஆறுதலாக இல்லை. 15ஆம் தேதி ஷினகாவா குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வர அப்போதெல்லாம் முன் அனுமதி முத்திரை வேண்டும். ஒரு முறை வந்துபோக ஆளுக்கு 3,000 யென். எல்லா நாட்டு முகங்களும் நின்ற அந்த நீண்ட வரிசையில் எங்கள் மூவருக்கும் வாங்கினேன்.

அன்று மாலை தலைவரிடம் சொல்லப் போனேன். பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அவர் நின்றபடியே முழுசாகப் படித்தார். இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டார். “சரி. குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். அவ்வளவுதான். அவருடைய அம்மா சுனாமி தாக்கிய மியாகி மாகாணத்தில், கடலோர ஊர் ஒன்றில் இருந்தார். நான் கிளம்பும்வரை அந்த அம்மாவிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. இது எனக்கு விமான நிலையத்தில், வேறொரு சக ஊழியர் அனுப்பிய செய்தியில்தான் தெரிந்தது. கட்டடம் ஆடியதைவிட அந்தச் செய்தி என்னை அதிகம் ஆட்டியது. என் பயத்துக்குப் போக ஒரு இடம் இருந்தது, பயணச்சீட்டு இருந்தது. அவருக்கு எது இருந்தது? போனது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று பக்கத்தைக் கையில் கொடுத்த நேரத்தை மறக்கவும் முடியவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் நான் மட்டும் திரும்பினேன். பதிப்பு குறித்த நாளில் போய்ச் சேர்ந்திருந்தது. மின்சாரச் சிக்கனத்துக்காகப் பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். தலைவரின் அம்மா ஒரு பள்ளிக்கூட முகாமில் பத்திரமாக இருந்தார். ஏன் போனாய் என்று யாரும் கேட்கவில்லை. என் மேசையை யாரோ தினமும் துடைத்து வைத்திருக்கிறார்கள். தூசியே இல்லை.

ஏப்ரல் 11, சரியாக ஒரு மாதம். 2:46க்கு எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். மாலை 5:16க்கு மறுபடி பலமாக ஆட ஆரம்பித்தது. எனக்கு அதே நடுக்கம்தான், கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் எழுந்து, மேசைகளைப் பிடித்துப் பிடித்து, அந்த இரும்புக் கதவுக்குப் போனேன். முழு பலத்தோடு தள்ளித் திறந்து, தோளால் முட்டுக் கொடுத்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் தலைவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.