திருவொற்றியூரில் கேட்ட வரம்

என் மகனுக்கு மாறுகண் திரும்ப வந்துவிட்டது. நாலு வயதில் ஆபரேஷன் முடிந்து, கண் நேராகி, நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். இப்போது ஏழு நடக்கிறது. தூக்கம் சொக்கும்போதும் தூரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இடது கண் மெல்ல வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. கூப்பிட்டால், கண்ணைச் சிமிட்டிவிட்டு நேராகப் பார்க்கிறான். வெயிலில் இறங்கினால் அந்தக் கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறான். முதல் தடவையைவிட இப்போதுதான் எனக்குப் பயம் அதிகம். அப்போது ஆபரேஷன் என்று ஒரு வழி முன்னால் இருந்தது. அதையும் செய்த பிறகு வந்தால் எங்கே போவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு வடிவுடையம்மனைப் பார்க்கக் கிளம்பினேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர் தேரடி கொஞ்ச நேரம்தான். பூ வாங்கின இடத்தில் ஒரு ஆயா அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாறுகண்ணு ராசிம்மா, விட்டுடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இந்தப் பேச்சை நம்பி யாரும் காலம் கடத்திவிடக் கூடாது. ஒதுங்கும் கண்ணை மூளை பயன்படுத்தாமல் விட்டால் அதன் பார்வையே மங்கிப்போகும். சின்ன வயதில் சரிசெய்வதுபோல் பிறகு எளிதில் முடியாது.

மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறந்து, புனுகுத் தைலம் சாத்துவார்கள். இதைச் சொன்னதும் மகன் என் கையை இழுத்தான். "சாமிக்கும் மூடி வெச்சிருக்காங்களாம்மா?" இடது கண்ணுக்கு வேலை கொடுப்பதற்காக அவனுடைய நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டுத்துணியால் மூடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பிய்க்கும்போது புருவமுடியும் சேர்ந்து வரும், அழுவான். "ஆமாண்டா, சாமிக்கும்தான்" என்றேன். கவசத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மகிழமரத்தடியில்தான் எனக்கு நெஞ்சு கரைந்தது. 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று தான் மணந்த சங்கிலியாருக்குத் தேவாரம் பாடிய சுந்தரர் சத்தியம் செய்த மரம். சத்தியத்தை மீறி திருவாரூர் நினைவில் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருடைய இரண்டு கண்ணும் மறைந்துபோயின. இறைவனுக்குத் தோழர் அவர், ஆனாலும் உடனே பார்வை கிடைக்கவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் இடது கண். வலது கண்ணுக்குத் திருவாரூர் வரைக்கும் பாடிக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது.

"ஏம்மா ஒரே தடவைல ரெண்டு கண்ணையும் குடுக்கல?" என்றான் மகன். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. தசையைச் சரிசெய்தாலும், இரண்டு கண்ணும் பார்ப்பதை மூளை ஒன்றாகச் சேர்க்கும் பழக்கம் உறுதிப்படாவிட்டால் கண் மறுபடி ஒதுங்கலாம்; தேவைப்பட்டால் இன்னொரு ஆபரேஷன் செய்யலாம். அன்று அந்த 'இன்னொரு' மட்டும்தான் என் காதில் விழுந்து, கைகால் நடுங்கியது. மரத்தடியில் நின்று யோசித்தபோது, டாக்டர் கதவைச் சாத்தவில்லை என்பது புரிந்தது. தாயே, ஊன்றுகோல் போதும், நாங்கள் நடக்கிறோம் என்று அம்மன் சந்நிதியில் சொல்லிவிட்டு, வெள்ளிக் கண்மலரை அவன் கையாலேயே உண்டியலில் போடவைத்தேன்.

அடுத்த பரிசோதனையில் கண் எவ்வளவு ஒதுங்குகிறது என்று பட்டகக் கண்ணாடி வைத்து அளந்து பார்ப்பார்கள். அது முடிந்ததும் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறோம். இடது கண் கிடைத்த ஊராயிற்றே என்று மகன்தான் ஞாபகப்படுத்துகிறான்.